ஓரமாக ஒதுக்கிவைத்த குரல்

மகள் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமலிருக்க அதன்மேல் உப்பு டப்பாவைத் தூக்கி வைத்தாள்.

"இதுல இருக்கறத அப்படியே படிச்சா போதும்மா. சொந்தமா எதையும் சேர்க்காத. சேர்த்தா நீ அழுதுடுவ, அப்புறம் எல்லாமே வீணாப் போயிடும்."

பெரியவள் கைஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடி கையில் இல்லை. முதல் வரியை மட்டும் மகள் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததால் அது தெரிந்தது. 'எனக்கு முடியாமல் போன காலத்தில் என் மகளைத் தன் மகளாக வளர்த்தவள் இவள்.'

அந்த வீட்டில் மூத்த மருமகளான அவளுக்குப் பெரியவள் என்றும், கொழுந்தனின் மனைவிக்குச் சின்னவள் என்றும் மாமியார் பேர் வைத்திருந்தார். மாமியார் போய்ப் பத்து வருஷமாகியும் பேர்கள் போகவில்லை. பெரியவள் குடும்பம் கீழே, முன்பு சில வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வந்த சின்னவள் குடும்பம் மாடியில். நடுவில் பதினேழு படிகள். கணக்கு டீச்சரான சின்னவளுக்கு வெள்ளிக்கிழமை பணி ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டுக் கூடத்தில் அவளுக்கு ஒரு சின்ன விருந்து. அங்கே டிவியில் போட்டுக் காட்ட மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் வேண்டும். பழைய போட்டோக்கள், பின்னால் ஒரு குரல். பெரியவள்தான் தெருமுனை நூலகத்தில் நடக்கிற பெண்கள் வகுப்பில் அதைக் கற்றுக்கொண்டிருந்தாள். நீயே பண்ணிவிடேன் என்று மகள் சொன்னபோது பெரியவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதிய தாளும் கூடவே வரும் என்று அவள் நினைக்கவில்லை.

மகளின் இடுப்பில் இரண்டு வயதுப் பேத்தி இருந்தாள். பெரியவள் கையை நீட்டினாள். குழந்தை வருவதற்குள் மகள் அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வேண்டுமென்று செய்ததில்லை. பழக்கம்.

"திங்கட்கிழமையிலேர்ந்து இவளைக் காப்பகத்துல விடப்போறதில்ல. சித்தி இனிமே வீட்லதானே இருப்பாங்க. தினமும் காலைல வந்து மாடில விட்டுட்டு ஆபீஸ் போறேன்."

"நான் கீழதானே இருக்கேன்... பகல் பூரா சும்மாதான் இருக்கேன்."

"உன்னால முடியாதும்மா," என்றாள் மகள். குரலில் கோபமே இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். "என்னையும் தம்பியையும் சேர்த்துப் பார்த்துக்க முடியலன்னுதானே என்னைச் சித்திகிட்ட அனுப்பின. இப்ப அறுபத்தொண்ணு. இப்ப மட்டும் முடியுமா?"

சொல்லிவிட்டுக் குழந்தையோடு படியேறி மாடிக்குப் போனாள். மாடியில் சின்னவள் வாங்கிக்கொண்ட சத்தமும் குழந்தை சிரித்த சத்தமும் கீழே கேட்டன. கணவர் தட்டோடு வந்து நின்று, மேசையில் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தார். முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றவர். அந்த இரைச்சலில் காது மங்கிவிட்டது. மகள் பேசியது அவர் காதில் விழுந்திருக்காது.

"இந்தப் பொட்டிய நகர்த்து. மனுஷன் தட்டு வெக்க எடமில்ல. படம் எடுக்கறாளாம் படம். உப்பை எங்க ஒளிச்சு வெச்ச?"

பெரியவள் தாளின் மேலிருந்த டப்பாவை எடுத்து அவரிடம் கொடுத்தாள். தாள் பறந்து சுவரோரம் போய் விழுந்தது. அதை உடனே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

*

வகுப்பில் ஏழு பேர். சொல்லித்தந்த டீச்சர் மகளைவிடச் சின்னப் பெண். திரையின் அடிப்பகுதியில் நீளமாக இரண்டு பட்டைகள் இருக்கும். மேல்பட்டையில் போட்டோக்களை இழுத்துவந்து வரிசையாக வைக்க வேண்டும், கீழ்ப்பட்டையில் குரல். கத்தரிக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் எந்த இடத்திலும் வெட்டலாம். ஒரு போட்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அது திரையில் நிற்கும் நேரம் நீளும்.

இது பெரியவளுக்கு வியப்பாக இருந்தது. ஐந்து வினாடி நின்றாலும் ஐம்பது வினாடி நின்றாலும் அதே முகம்தான். ஆனால் அதிகநேரம் பார்க்கப் பார்க்க அது வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

"முதல்ல மனசுல இருக்கறதையெல்லாம் பேசிடுங்க," என்று டீச்சர் சொல்லியிருந்தாள். "நல்லாருக்கா இல்லையான்னு பாக்காதீங்க. அப்புறம் வெட்டிக்கலாம். வேண்டாததை டெலீட் பண்ணிடுங்க, போயிடும்."

போட்டோ தேடுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு வேண்டும். மகளின் நாலாவது வயதிலிருந்து ஒன்பதாவது வயதுவரை பெரியவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ரயில் நிலையத்துப் பெஞ்சில், கையில் பிரிக்காத பிஸ்கட் பொட்டலத்தோடு, கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிற நாலு வயதுப் பெண். மற்றதெல்லாம் சின்னவள் மகளிடம் கொடுத்தனுப்பியவை. பள்ளிக்கூடச் சீருடையில் மகளும் அவள் கையைப் பிடித்துச் சின்னவளும். முதல் பரிசுக் கோப்பையோடு மகளும் சின்னவளும். அவற்றை வரிசையாக இழுத்து வைத்தபோது கை தவறி, ஒன்பது வயதுப் படம் முன்னால் போய், நாலு வயதுப் படம் பின்னால் வந்தது. மகள் முதலில் திரும்பி வந்துவிட்டு, அதற்குப் பிறகு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். தப்பு என்று தெரிந்தும் பெரியவள் அதைச் சற்று நேரம் அப்படியே விட்டு வைத்துப் பார்த்தாள். எது முன்னே எது பின்னே என்று அவளுக்கே குழம்பியது.

குரலைப் பதிவுசெய்ய, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறைக்குள் லேப்டாப்போடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய அரிசி டின்மேல் அதை வைத்து, தாளை எடுத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். எனக்கு முடியாமல் போன காலத்தில் என்பதில் முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல் வரவில்லை. தாளை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு எவ்வளவு நேரம் பேசினாள், என்ன பேசினாள் என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. மேலே யாரோ படியிறங்குகிற சத்தம் கேட்டதும் நிறுத்தினாள்.

இரண்டாவது முறை தாளைப் பார்த்து அப்படியே படித்தாள். தடங்கலே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறிப்போன பொய் வழுக்கிக்கொண்டு வருகிறது. நிஜம் ஊமை கண்ட கனவு மாதிரி தொண்டையிலேயே நிற்கிறது.

படித்த குரலைப் போட்டோக்களுக்குக் கீழே சரியாகப் பொருத்தினாள். முதலில் பேசிய குரல் இன்னும் பட்டையில் கிடந்தது. வேண்டாததை டெலீட் பண்ணிடுங்க என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. வேண்டாதது இதுதான் என்று எதையுமே பெரியவளால் சட்டென்று தீர்மானிக்க முடிந்ததில்லை. பூட்டுத் தொலைந்த சாவி, கைப்பிடி போன கரண்டி, மகனின் ஒற்றைச் செருப்பு எல்லாம் இந்தச் சாமான் அறையில்தான் இருந்தன. கீரை நறுக்கும்போதுகூடத் தண்டை எறியாமல் பலகையின் ஓரத்துக்குத் தள்ளிவைப்பாள். அதே போல அந்தக் குரலையும் பிடித்து வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள். திரையின் விளிம்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போகும்வரை இழுத்து அங்கே விட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்த படமாக மாற்றும் பொத்தானை அழுத்தியபோது வெகுநேரம் ஆயிற்று. பழைய லேப்டாப், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முதல் மூன்று நிமிடத்தைப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதைப் பென்டிரைவில் ஏற்றினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை சின்னவளின் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு டீச்சர்கள் வந்திருந்தார்கள். மற்றபடி வீட்டு ஆட்கள்தான். வெளியூரில் வேலைபார்க்கும் மகனால் வரமுடியவில்லை. அண்ணனுக்குக் காது கேட்க வேண்டுமே என்று கொழுந்தன் டிவியின் சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டார். படம் ஓடியது. பெரியவளின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று ஒலித்தது. மகள் சித்தியின் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். சின்னவள் கண்ணைத் துடைத்தாள். கடைசிப் படம் வந்தது, திரை கறுத்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

டிவியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. திரை கறுப்பாக இருந்ததால் அது நின்றுவிட்டது என்றே நினைத்தார்கள். டீ வந்தது. வந்திருந்த டீச்சர்களில் ஒருத்தி, பெற்றவளே வாய்விட்டு இப்படிச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும் என்று பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்து சின்னவள் மறுபடி சோபாவில் உட்கார்ந்தாள். அவள் முகம் பூரித்துப் போயிருந்தது.

"நான் என்ன பெருசா பண்ணிட்டேன்," என்றாள். "அக்காவுக்கு அப்ப முடியல. கைக்குழந்தை வேற. சில பேருக்கு அந்தத் தெம்பு இருக்காது, அதுக்கு நாம குத்தம் சொல்ல முடியுமா? எனக்குத் தெம்பு இருந்துது, வளர்த்தேன்."

பெரியவள் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, கறுத்த திரைக்குள்ளிருந்து, அவள் குரலே பேசியது.

"எனக்கு... சிவப்பு விளக்கு எரியுது... அப்ப பதிவாகுதுன்னு நெனைக்கறேன். எனக்கு முடியலன்னு எம்பொண்ணு எழுதிக் கொடுத்திருக்கா. அவ மேல தப்பில்ல. நான்தானே அப்படிச் சொன்னேன்."

பெரியவளின் கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையில் உருண்டது. அவள் டிவியிடம் ஓடினாள். எதை அழுத்துவது என்று தெரியவில்லை. ரிமோட்டைக் காணவில்லை. திரையை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள், குரல் அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது என்பது போல.

"சின்னவளுக்குப் பொறந்த பொண்ணு பதினோராம் நாள் போயிடுச்சு. நாலு மாசம் அவ யார்கிட்டயும் பேசல, சாப்பிடல. ஒருநாள் கொழுந்தன் ராத்திரி ரயிலைப் பிடிச்சு வந்து இந்த அடுப்படியில உக்காந்து அழுதாரு. அண்ணி, அவ தண்டவாளத்துப் பக்கம் போயி நிக்கறா அண்ணி, ரெண்டு தடவை இழுத்துட்டு வந்துட்டேன்னாரு. எனக்கு ஒண்ணும் தோணல. எம்பொண்ணைக் கூட்டிட்டுப் போயி அவ முன்னாடி நிறுத்தினேன். உனக்குத் துணையா இருக்கட்டும்னு சொன்னா அவ வேண்டாம்னுடுவா. ரோஷக்காரி. அதனால என்னால ரெண்டையும் சமாளிக்க முடியல, நீ கொஞ்ச நாள் பாத்துக்கயேன், உன்னை விட்டா எனக்கு யாருன்னு அழுதேன். அவ நாலு மாசத்துல முதல் தடவையா வாயைத் திறந்து, குழந்தை சாப்பிட்டாளான்னு கேட்டா..."

குரல் சற்று நின்றது. மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"கொஞ்ச நாள்னுதான் சொன்னேன். ஒவ்வொரு லீவுக்கும் கூட்டிட்டு வரத்தான் போவேன். பள்ளிக்கூடத்துல இவளை விடப்போயி, அங்கயே வேலைக்கும் சேர்ந்துட்டா சின்னவ. சிரிக்கறா, பாடம் எடுக்கறா. அதைப் பாத்துட்டு எப்படிக் கேப்பேன்? அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அவளை விட்டுட்டு வந்த அன்னிக்கு மத்தியானம், கைக்குழந்தையா இருந்த பையன் தூங்கிட்டிருந்தான், நானும் படுத்தேன். சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன். ரெண்டு வருஷத்துல அப்படித் தூங்கினதில்ல. எழுந்திருக்கும்போது உடம்பு லேசா, நல்லா இருந்துது. அப்புறம்தான் பயம் வந்துது. அப்ப நான் சொன்னது பொய்தானா? இல்ல நெஜமாவே என்னால முடியலயா? பொய்னு நெனச்சுக்கிட்டு நெஜத்தைச் சொல்லிட்டேனா? எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல..."

படியிறங்கும் காலடிச் சத்தம். பதிவு அதோடு நின்றது.

கணவரின் தொடைக்கு அடியில் ரிமோட் இருந்தது. அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அதற்கு மேல் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை.

மகள்தான் முதலில் திரும்பினாள். அம்மாவின் பக்கம் இல்லை, சித்தப்பாவின் பக்கம். அவர் தரையில் உருண்டு கிடந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா வாயைத் திறக்காதீங்க அண்ணின்னு கால்ல விழுந்தேன்," என்றார். "அவங்க திறக்கல."

மகள் எழுந்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைச் சோபாவிலிருந்து வாரியெடுத்தாள். பையை மாட்டினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலுக்குப் போனாள். பெரியவள் பின்னாலிருந்து கூப்பிட்டது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சின்னவள் எழுந்துவந்து பெரியவளின் எதிரே நின்றாள்.

"எனக்குப் பிச்சை போட்டியாக்கா?"

"இல்லடி... நீ பொழச்சா போதும்னு..."

"நான் பொழச்சேன். நீ?" சின்னவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இருபத்தெட்டு வருஷம் உன்னைப் பத்தி நான் யார்கிட்டயெல்லாம் என்னென்ன சொல்லியிருக்கேன். இப்பக்கூட, ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி, தெம்பில்லாதவன்னு சொன்னேனே. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு டம்ளர் அடுக்கிட்டு இருந்தியே. ஒரு தடவை என்னை ஓங்கி அறைஞ்சிருந்தா நான் மனுஷியா இருந்திருப்பேன். என்னை இப்படி ஆக்கிட்டு நீ நல்லவளா இருந்துட்ட."

அவள் படியேறிப் போனாள். பதினேழு படியும் ஒவ்வொன்றாகக் கேட்டது. கொழுந்தன் பின்னாலேயே போனார்.

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்தக் குரலை அவள் எத்தனையோ முறை மனசுக்குள் பேசிப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் எல்லோரும் அழுவார்கள், மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். சின்னவள் கேட்ட கேள்வி அந்தக் கற்பனையில் ஒருமுறைகூட வந்ததில்லை. நல்லது செய்தோம் என்று இத்தனை வருஷம் உள்ளே பொத்திவைத்திருந்தது, வெளியே எடுத்ததும் வேறு ஏதோவாக இருந்தது. யாருக்கு எதைக் கொடுத்தாள், யாரிடமிருந்து எதைப் பிடுங்கினாள்?

கணவர் குனிந்து டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்குக் காதுதான் கேக்கலன்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன்," என்றார்.

*

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் படியில் காலடி கேட்டது. பெரியவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சின்னவள் கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. லேப்டாப்பை அவளே திறந்து வைத்திருந்தாள்.

"அந்த இருட்டு எவ்வளவு நேரம் ஓடுது?"

பெரியவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நேற்று அவளுக்குப் புரியாதது இப்போது ஒரே பார்வையில் தெரிந்தது. இடப்பக்கம் போட்டோக்கள், வலக்கோடியில் தனியாக அந்தக் குரல், நடுவில் வெறும் பட்டை.

"பதினோரு நிமிஷம்."

"பதினொண்ணு," என்று சின்னவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுடைய குழந்தை இருந்த நாட்களும் அதுதான். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் டின்னைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். "இதையெல்லாம் அதுல போடு. உங்கிட்ட காட்டாதது."

நாற்பது ஐம்பது போட்டோக்கள் இருக்கும். பெரியவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். முன்பல் விழுந்த வாயை இரண்டு விரலால் விரித்துக் காட்டுகிற மகள். அம்மை வடு ஆறாத முகத்தோடு போர்வைக்குள் மகள். அம்மை போட்டதே பெரியவளுக்குத் தெரியாது. ஒரு நாற்காலியில் ஏறி நின்று கரும்பலகையில் ஏதோ எழுதுகிற மகள். பார்க்கப் பார்க்க, தான் இல்லாத அறைகளுக்குள் கதவைத் தட்டாமல் நுழைவது போல இருந்தது. ஒரே மாதிரி மூன்று போட்டோக்கள் வந்தன. இரும்புக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலடியில் ஒரு பையோடு, தெருவைப் பார்த்து நிற்கிற பெண். ஒன்றில் ஐந்து வயது, ஒன்றில் ஆறு, ஒன்றில் எட்டு இருக்கும்.

"இது எங்க போறதுக்கு நிக்கறா?"

சின்னவள் அந்த மூன்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"லீவுல நீ வர்ற அன்னிக்கு அப்படித்தான் நிப்பா. காலைல எழுந்ததும் அவளே துணிய மடிச்சு வெச்சுக்குவா. நீ ரயிலடியிலேர்ந்து வர்றதுக்குள்ள நான் பையை உள்ள எடுத்து வெச்சுட்டு, அம்மா கேட்டா இங்கயே இருக்கேன்னு சொல்லணும், அம்மாவுக்கு உடம்புக்கு முடியாது பாவம்னு சொல்லிக் கொடுப்பேன்." அவள் போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். "அவ சொல்லுவா. நீயும் போயிடுவ. நான்தான் ஏமாந்தேன்னு ராத்திரி பூரா அழுதேன். விடியும்போது இந்த மூணும் ஞாபகம் வந்துது. நான் மட்டும் ஒழுங்கா?"

பெரியவள் தனக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது அழுகை. அவள் கவிழ்ந்திருந்த போட்டோவை நிமிர்த்தினாள். இங்கேயே இருக்கேன்மா என்று ஒவ்வொரு லீவிலும் அந்தக் குழந்தை அவளைப் பார்க்காமல் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். மகளுக்குத் தன்மேல் பாசம் விட்டுப்போயிற்று என்றல்லவா அதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் போடறேன்," என்றாள் கடைசியில். "மூணையும் போடறேன்."

"போடு. ஆனா அக்கா, இதுக்கு நான் பேசணும். என் குரல்ல." சின்னவள் அவள் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த கை பிறகு தோளுக்கு ஏறியது. இருவரில் யார் முதலில் சாய்ந்தார்கள் என்று தெரியவில்லை. நாற்காலிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சின்னவள் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நேற்று அவள் முன்னால் வராத அழுகையெல்லாம் அழுதாள். "உன்மேல இன்னும் கோவமாத்தான்கா இருக்கேன்," என்று நடுவில் சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரியவள் அவள் முதுகைத் தடவினாள்.

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது.

மகள் ஆபீஸ் உடையில் வந்தாள். தோளில் குழந்தை வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. மேசையையும், போட்டோக்களையும், இரண்டு பெண்களின் முகங்களையும் பார்த்தாள். வழக்கமாக அவள் நேராகப் படிக்குத்தான் போவாள். இன்று படிக்கும் மேசைக்கும் நடுவில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அம்மாவிடம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "என்னை விட்டுட்டு வந்த அன்னிக்கு மத்தியானம் நல்லாத் தூங்கினேன்னு சொன்னியே. அது நெஜமா?"

பெரியவளுக்கு முகம் கூசியது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாளே. பொய் சொல்ல ஒரு வழியிருந்தது. நாக்கு அதற்குப் பழகியதுதான்.

"நெஜந்தான். சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன்."

மகள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் குழந்தை.

"நேத்திலேர்ந்து யோசிச்சுட்டே இருக்கேன்மா. நீங்க மூணு பேரும் எத்தனை பொய் சொல்லியிருக்கீங்க, எதை நம்பறது எதை விடறதுன்னே தெரியல. அது ஒண்ணைத்தான் என்னால நம்ப முடிஞ்சுது. இவ பொறந்ததிலேர்ந்து நான் ஒரு நாள் முழுசாத் தூங்கினதில்ல. யாராவது ஒரு மத்தியானம் இவளைத் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்களான்னு நெனச்சிருக்கேன். நெனச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். என்னை மாதிரி ஒரு ராட்சசி இருப்பாளான்னு." குரல் உடைந்தது. "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்மா. மத்ததைச் சொல்லாட்டி போயிட்டுப் போகுது. இதைச் சொல்லியிருக்கலாம்."

பெரியவள் எழுந்து அருகே போனாள். மன்னிப்புக் கேட்பதா, எதற்கென்று கேட்பது? அவள் கையை நீட்டினாள். நீட்டிய பிறகு, நேற்றுவரை நடந்தது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினாள்.

மகள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றவில்லை. மெல்லத் தோளிலிருந்து இறக்கி, தலை ஆடாமல் ஒரு கையால் தாங்கி, அம்மாவின் கைகளில் வைத்தாள். வைத்துவிட்டும் தன் கைகளை எடுக்கவில்லை. நடுவில் குழந்தை இருக்க, அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவளுக்கு மகளின் தலைமுடி வாசனை தெரிந்தது. ரயில் நிலையத்துப் பெஞ்சில் கடைசியாக முகர்ந்தது. அதே வாசனைதானா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"ஆபீசுக்கு நேரமாச்சு," என்று மகள் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேசையில் உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்த்து, "சித்தி, மத்தியானம் நீங்களும் கீழ வந்துடுங்க," என்றாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பினாள்.

"அவ பன்னெண்டு மணிக்கு மறுபடி தூங்குவா. அப்ப நீயும் அவ பக்கத்துலயே படுத்துத் தூங்கும்மா. நல்லாத் தூங்கு."